தமிழ்நாட்டில் பணி உடையும் நேர்முகத் தேர்வு உடையும்

பணி உடை என்பது ஒருவர் தாம் வேலை செய்யும் இடத்தின் வழக்கத்துக்கும் விதிகளுக்கும் ஏற்ப அணியும் உடையாகும். வேலை தேடுவோர் தேர்வாளர் முன் அணிந்து செல்லும் உடை நேர்முகத் தேர்வு உடை எனப்படும். காவலர், செவிலியர், பேருந்து நடத்துநர் முதலியோரின் சீருடையிலிருந்து இவை வேறுபட்டவை. சீருடையின் நிறமும் அமைப்பும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். பணி உடையிலோ பெரும்பகுதி எழுதப்படாத வழக்கமாகவே உள்ளது.

தமிழ்நாட்டில் இது தொடர்பாக ஒரு முரண் காணப்படுகிறது. எழுதப்பட்ட சட்டமும் அரசாணையும் வேட்டியையும் சேலையையும் தெளிவாக ஏற்கின்றன. ஆனால் தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வு அறையில் வேட்டி அணிந்த இளைஞரைக் காண்பது மிக அரிது. எழுதப்பட்ட விதியை எவரும் படித்தறியலாம். எழுதப்படாத விதியை, அதை ஏற்கனவே அறிந்த ஒருவர் வீட்டிலோ உறவிலோ இருந்தால்தான் அறிய முடிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே.

வரலாறு

யார் எதை உடுத்தலாம், எதை உடுத்தக்கூடாது என்பது தென்னிந்தியாவில் நெடுங்காலம் சாதியோடு பிணைந்திருந்தது. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் இது, 1859 இல் வெளியிடப்பட்ட அரச அறிவிப்புக்குப் பின்னரே தணிந்தது. அவ்வறிவிப்பும் உயர்சாதிப் பெண்களைப் போலவே உடுத்துவதை அனுமதிக்கவில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் அலுவலகம் என்னும் புதிய இடம் தோன்றியபோது உடை பற்றிய புதிய கேள்விகளும் எழுந்தன. ஆங்கிலேய அதிகாரிகளின் முன் இந்தியர் காலணியைக் கழற்றிவிட்டு நிற்பதே மரியாதை எனக் கொள்ளப்பட்டது. ஐரோப்பிய முறையிலான காலணியும் காலுறையும் அணிந்து வரும் இந்தியர், அரசு நிகழ்ச்சிகளில் அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை என 1868 இல் இந்திய அரசு தீர்மானித்தது. இந்திய முறைச் செருப்பு அணிந்தவருக்கு இச்சலுகை இல்லை. செருப்பு 'சாதாரணம்', தோல் காலணி 'அலுவல் முறை' என்ற இன்றைய பாகுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான முன்னோடியைக் காட்டுவது கடினம்.

சென்னை மாகாணத்தின் எழுத்தர்களும் வழக்கறிஞர்களும் நெடுநாள் ஒரு கலப்பு உடையைப் பின்பற்றினர். இடுப்பில் வேட்டி அல்லது பஞ்சகச்சம், அதன்மேல் பொத்தானிட்ட கோட்டு, தலையில் தலைப்பாகை என்பது அக்கால நிழற்படங்களில் பரவலாகக் காணப்படும் தோற்றம். சென்னைத் துறைமுகத்தில் 1912 முதல் எழுத்தராகப் பணியாற்றிய கணிதமேதை சீனிவாச இராமானுசன், மார்ச் 1914 இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் குடுமியைக் களைந்து மேற்கத்திய உடைக்கு மாறவேண்டியிருந்தது. அவருக்கு அது உவப்பானதாக இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு முடிவு மதுரையில் எடுக்கப்பட்டது. செப்டம்பர் 22, 1921 அன்று காந்தி தம் வழக்கமான உடைகளைத் துறந்து இடுப்பில் ஒற்றைத் துணியுடன் வெளிவந்தார். 1931 இல் பக்கிங்காம் அரண்மனைக்கும் அவர் அவ்வாறே சென்றார். அம்பேத்கரோ முழுமையான மேற்கத்திய கோட்டும் காற்சட்டையும் அணிந்தே பொதுவாழ்வில் தோன்றினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்ட மதிப்பை உடையின் வழியாகவும் கோரிய செயலாக அது கருதப்படுகிறது. நல்ல உடை அணிவது வெறும் பகட்டு என்று எண்ணுவோர் இவ்விருவரையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

விடுதலைக்குப் பின் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அரசியலாளர்களின் உடையாக நிலைபெற்றன. அலுவலகங்களிலோ முழுநீளக் காற்சட்டையும் சட்டையும் படிப்படியாகப் பரவின. பெண் ஊழியர்களுக்குச் சேலையே நெடுங்காலம் பணி உடையாக இருந்தது; சல்வார் கமீசு, சுடிதார் ஆகியவை பின்னர் ஏற்கப்பட்டன.

எழுதப்பட்ட விதிகள்

வழக்கறிஞர்களின் உடையை இந்திய வழக்கறிஞர் கழகத்தின் விதிகள் வரையறுக்கின்றன. கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை ஆகியவற்றுடன் ஆண்கள் காற்சட்டையோ வேட்டியோ அணியலாம் என அவ்விதிகள் கூறுகின்றன, ஜீன்சு விலக்கப்பட்டுள்ளது. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் தவிர்ந்த பிற நீதிமன்றங்களில் கோடைக்காலத்தில் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை. மே 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, காணொளி வழியான விசாரணைகளில் கோட்டும் அங்கியும் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் தளர்வு அளித்தது.

ஜூலை 11, 2014 அன்று சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் ஒரு நூல் வெளியீட்டு விழா நடைபெற்றது. அதற்கு வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமனுக்கு, மன்றத்தின் உடை விதியைக் காட்டி நுழைவு மறுக்கப்பட்டது. இந்நிகழ்வு சட்டமன்றத்தில் பெரும் விவாதமானது. அடுத்த மாதமே, பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாடுகளை நீக்கும் சட்டம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ அணிந்தவரை, அவ்வுடையைக் காரணம் காட்டி மன்றங்களோ சங்கங்களோ தடுக்கக்கூடாது என அது விதிக்கிறது. மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். இச்சட்டம் நுழைவைப் பற்றியதே. வேலைக்குத் தெரிவு செய்யும்போது தேர்வாளர் மனத்தில் எழும் மதிப்பீட்டை எந்தச் சட்டமும் தொடுவதில்லை.

அரசு ஊழியர்களுக்கான உடை பற்றித் தமிழ்நாடு அரசு 2019 இல் ஓர் ஆணை பிறப்பித்தது. ஆண்கள் சட்டையும் அலுவல் முறைக் காற்சட்டையும், அல்லது வேட்டி முதலிய இந்திய மரபு உடையும் அணியலாம். பெண்கள் சேலை, அல்லது துப்பட்டாவுடன் கூடிய சல்வார் கமீசு அல்லது சுடிதார் அணியலாம். உடை தூய்மையாகவும் பணியிடத்துக்குப் பொருத்தமாகவும் இருக்கவேண்டும் என்பதே ஆணையின் சாரம். அக்டோபர் 2024 இல், அப்போது துணை முதலமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் டி-சட்டை அணிவதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டபோது, இவ்வாணை அமைச்சர்களுக்கும் பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது.

தகவல் தொழில்நுட்பத் துறையின் தாக்கம்

சென்னை தரமணியில் டைடல் பூங்கா ஜூலை 2000 இல் திறக்கப்பட்டது. அதன் பின்னர் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. பொறியியல் கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடத்தி ஒரே நாளில் நூற்றுக்கணக்கானோரைத் தெரிவு செய்யும் முறையும் பரவியது. முழுக்கைச் சட்டை, அடர்நிறக் காற்சட்டை, டை எனப்படும் கழுத்துப்பட்டி, கறுப்புத் தோல் காலணி என்ற தொகுப்பு 'வளாகத் தேர்வு உடை'யாக நிலைபெற்றது இக்காலத்தில்தான். சில கல்லூரிகள் இதனை இறுதியாண்டு மாணவர்களுக்குச் சீருடை போலவே ஆக்கின. அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களைச் சந்திக்க வேண்டியவர்கள் அவர்களைப் போல உடுத்தவேண்டும் என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம்.

ஆயினும் அந்த வாடிக்கையாளர்களின் நாடுகளிலேயே வழக்கம் தளர்ந்துவந்தது. அமெரிக்காவில் வெள்ளிக்கிழமைகளில் இயல்பான உடை அணியும் பழக்கம் ஹவாயில் 1960களில் பரவியது. 1992 இல் லீவை ஸ்ட்ராஸ் என்னும் ஆடை நிறுவனம் அதற்கான ஒரு கையேட்டை மனிதவள அலுவலர்களுக்கு அனுப்பித் தன் காற்சட்டைகளின் விற்பனையையும் பெருக்கிக்கொண்டது. முதலீட்டு வங்கியான கோல்ட்மன் சாக்ஸ் கூட மார்ச் 2019 இல் தன் உடை விதியைத் தளர்த்தியது. இந்தியாவில் இன்ஃபோசிஸ், ஜூன் 2015 முதல் எல்லா நாட்களிலும் இயல்பான அலுவல் உடையை அனுமதித்தது. இந்தப் போக்கு ஒரே திசையில் செல்லவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் ஊழியர்கள் அலுவலகம் திரும்பியபோது, டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2023 இல் தன் உடை விதிகளை ஊழியர்களுக்கு மீண்டும் நினைவூட்டியது.

இதன் விளைவு சற்று விந்தையானது. டி-சட்டையுடன் அமர்ந்திருக்கும் தேர்வாளர் முன், கழுத்தை இறுக்கும் டையுடன் மாணவர் அமர்ந்திருக்கிறார். வேலை கிடைத்த மறு வாரமே அந்த டை அலமாரிக்குள் போய்விடுகிறது. பெரும்பாலான மென்பொருள் பணிகளின் நேர்முகத் தேர்வுக்கு டை இன்றியமையாதது அன்று. வங்கி, விடுதி மேலாண்மை, விற்பனை முதலிய, வாடிக்கையாளரை நேரில் காணும் பணிகளுக்கு அது பொருத்தமாகக் கருதப்படுகிறது.

நேர்முகத் தேர்வு உடையின் கூறுகள்

விலையைக் காட்டிலும் அளவே முதன்மையானது. சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் அமையவேண்டும். அது கீழே சரிந்திருந்தால் சட்டை இரவல் வாங்கியது போலத் தோன்றும். கழுத்துப் பொத்தானை இட்டபின் இரண்டு விரல்கள் நுழையும் இடைவெளி இருத்தல் நன்று. முழுக்கை மணிக்கட்டில் முடியவேண்டும். காற்சட்டையின் கீழ்விளிம்பு காலணியின் மேற்பகுதியைத் தொட்டு நிற்கவேண்டும். குதிகாலுக்கு அடியில் மிதிபடக்கூடாது. ஆயத்த ஆடைகளில் இடுப்பளவு பொருந்தினாலும் நீளம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. வாங்கிய கையோடு தையற்காரரிடம் கொடுத்து மடித்துத் தைத்துக்கொள்வது சிறு செலவே.

துணி எடுத்துத் தைப்பதும் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இன்னும் வழக்கில் உள்ளது. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ 1.60 மீட்டரும் காற்சட்டைக்கு ஏறத்தாழ 1.20 மீட்டரும் தேவைப்படும். உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கவேண்டும். முழுப் பருத்தித் துணி வியர்வையை உறிஞ்சும், ஆனால் எளிதில் கசங்கும். பாலியெஸ்டர் கலந்த துணி கசங்குவது குறைவு, ஆனால் சித்திரை வெயிலில் புழுக்கம் தரும். நெடும்பயணம் செய்து வருவோருக்குக் கலப்புத் துணியே ஏற்றது.

நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளை, வெளிர்நீலம் ஆகிய சட்டைகளும் கறுப்பு, கருநீலம், சாம்பல் ஆகிய காற்சட்டைகளும் எங்கும் ஏற்கப்படுபவை. மாநிறமும் கருநிறமும் உடையோருக்கு வெளிர்நிறச் சட்டை பொருந்தாது என்று கூறப்படுவதுண்டு. இதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. முகப்பூச்சு விற்போர் வளர்த்த அச்சத்தின் ஒரு கிளையாகவே இதனைக் கொள்ளவேண்டும்.

இடைவாரும் காலணியும் ஒரே நிறத்தில் இருப்பது மரபு. காலணிக்கு மெருகு பூசியிருக்கவேண்டும். காலுறை, அமரும்போது கணுக்கால் தெரியாத அளவு நீளமாக இருத்தல் நன்று. புதுச்சட்டையின் கழுத்துப்பட்டைக்குள் இருக்கும் நெகிழித் துண்டையும், கையில் ஒட்டியிருக்கும் அளவுச் சீட்டையும் நீக்க மறந்து வருபவர்கள் இன்றும் உண்டு. புதிய உடையையும் காலணியையும் தேர்வுக்கு முன் ஒருமுறையாவது அணிந்து நடந்து பார்ப்பது பயனுள்ளது. குதிகாலைக் கடிக்கும் காலணியுடன் குறிமுறைக் கேள்விகளுக்கு விடையளிப்பது எளிதன்று.

கோட்டு அணிவது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சென்னையின் வெப்பத்தில் குளிரூட்டப்பட்ட அறைக்கு வெளியே அது துன்பமே. நண்பரிடம் வாங்கிய பெரிய கோட்டைக் காட்டிலும் நன்கு தேய்த்த சட்டை மேலான தோற்றம் தரும்.

பெண்களின் உடை

பெண்களுக்குத் தெரிவுகள் அதிகம். அதனாலேயே குழப்பமும் அதிகம். பருத்திச் சேலை, சுடிதார், சல்வார் கமீசு, சட்டையும் காற்சட்டையும் ஆகிய அனைத்தும் இன்று ஏற்கப்படுகின்றன. பழகாதவர் முதன்முறையாகச் சேலை உடுத்தி நேர்முகத் தேர்வுக்குச் செல்வது இடர் தரக்கூடியது. நடக்கும்போதும் படியேறும்போதும் கவனம் அதிலேயே இருக்கும். பழகியவருக்கு அதைவிட வசதியான உடை இல்லை. துப்பட்டாவை இரு தோள்களிலும் ஊசியிட்டுக் கொண்டால் அடிக்கடி சரிசெய்ய வேண்டியிராது. பெண்களுக்கான ஆடைகளில் பை வைத்துத் தைப்பது குறைவு என்பதால், சான்றிதழ்களுடன் கைப்பேசியும் பணமும் வைக்கச் சிறு தோள்பை தேவைப்படுகிறது. தைக்கும்போதே பக்கவாட்டில் பை வைக்கச் சொல்வது இன்னும் எளிய வழி.

தலையில் பூ வைத்துச் செல்லலாமா என்பது பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எழும் கேள்வி. பூ வைக்கக்கூடாது என்று எழுதப்பட்ட விதி இருப்பது அரிது. ஆயினும் பெருநகர நிறுவனங்களில் அது 'கிராமத்துத் தோற்றம்' எனக் கருதப்படும் என்ற அச்சத்தால் பலர் தவிர்க்கின்றனர். பொட்டு, திருநீறு, முக்காடு முதலியவற்றுக்கும் வேலைக்கான தகுதிக்கும் தொடர்பில்லை. தனியார் பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் பெண் விரிவுரையாளர்கள் சேலைக்கு மேல் கோட்டு அணிய வேண்டும் என்ற விதி இருந்துவருகிறது. ஆண் விரிவுரையாளர்களுக்கு இணையான விதி பெரும்பாலும் இல்லாதது விமர்சிக்கப்பட்டுள்ளது.

செலவும் பயணமும்

நேர்முகத் தேர்வு பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் நகரில் வசிப்போரை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சியையோ, அதே மாவட்டத்தில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகைக் கோயிலால் அறியப்படும் தளவானூரையோ சேர்ந்த மாணவரின் நிலை வேறு. செஞ்சிக்குத் தொடர்வண்டி வசதி இல்லை. காலை 9 மணிக்குச் சென்னையில் தொடங்கும் தேர்வுக்கு, திண்டிவனம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பேருந்தில் செல்லவேண்டும். விடியலுக்கு வெகு முன்பே புறப்பட வேண்டும். தென்மாவட்டப் பேருந்துகள் பலவும், டிசம்பர் 2023 இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்திலேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கோ தரமணிக்கோ மீண்டும் ஒரு பயணம். முந்தைய இரவு தேய்த்து அணிந்த சட்டை இதற்குள் முதுகில் நனைந்து ஒட்டியிருக்கும்.

எனவே தேர்வு உடையைப் பேருந்தில் அணியாமல், பையில் கொண்டுசென்று மாற்றிக்கொள்வதே பலரும் பின்பற்றும் முறை. தேய்த்த சட்டையை ஒரு செய்தித்தாளை உள்ளே வைத்து மடித்தாலும், காற்சட்டையை மடிப்புக் கோட்டின்படி உருளையாகச் சுற்றினாலும் கசங்கல் குறைகிறது. உடை மாற்றவும் முகம் கழுவவும் அரை மணி நேரம் ஒதுக்கவேண்டும். பெண்களுக்கு இவ்விடம் கிடைப்பது இன்னும் கடினம். உறவினர் அல்லது தோழி வீட்டில் முந்தைய இரவே தங்கிவிடுவோர் பலர்.

பணம் அடுத்த தடை. சட்டை, காற்சட்டை, இடைவார், தோல் காலணி ஆகிய நான்கையும் ஒரே மாதத்தில் வாங்குவது, வேளாண் கூலியை நம்பிய குடும்பத்துக்குச் சிறு செலவன்று. கல்லூரி விடுதிகளில் ஒரே காலணியை இருவரும், ஒரே டையை முழு அறையும் மாற்றி மாற்றி அணிந்து தேர்வுக்குச் செல்வது வழக்கம். அமெரிக்காவில் இத்தகைய உதவி அமைப்பாகவே நடைபெறுகிறது. நியூயார்க்கில் 1997 இல் தொடங்கப்பட்ட 'டிரெஸ் ஃபார் சக்சஸ்' என்னும் தொண்டு நிறுவனம், வேலை தேடும் ஏழைப் பெண்களுக்கு நேர்முகத் தேர்வு உடையை வழங்குகிறது. தமிழ்நாட்டில் மார்ச் 1, 2022 இல் தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம் ஆங்கிலப் பேச்சு, நேர்முகத் தேர்வு ஆகியவற்றில் மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்க வகை செய்தது. உடையை எவ்வாறு அணிவது என்று சொல்லிக் கொடுப்பதும், அணிய ஓர் உடை கிடைப்பதும் வேறு வேறு சிக்கல்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

இருப்பவற்றுள் ஒன்றை மட்டுமே வாங்க இயலுமெனில் காலணியை வாங்குவது சிறந்தது எனப் பலர் கருதுகின்றனர். சட்டையும் காற்சட்டையும் வீட்டில் இருப்பவற்றைத் துவைத்துக் கஞ்சியிட்டுத் தேய்த்தால் போதுமானதாக இருக்கும். அளவு பொருந்தாத காலணியை மட்டும் எவ்வாறும் மறைக்க இயலாது.

ஆய்வுகள்

ஜான் மொல்லாய் 1975 இல் எழுதிய நூலுக்குப் பின்னர், 'வெற்றிக்கான உடை' என்பது அமெரிக்காவில் ஒரு தனி அறிவுரைத் துறையாகவே வளர்ந்தது. இத்துறையின் கூற்றுகள் அனைத்தும் உறுதியானவை அல்ல. மருத்துவரின் வெள்ளை அங்கியை அணிந்தவர்களின் கவனம் கூர்மையடைந்தது என ஹாயோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி ஆகியோர் 2012 இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் புகழ்பெற்றது. ஆனால் 2019 இல் வெளியான மறுசோதனை ஒன்றில் அதன் ஒரு முக்கிய முடிவு கிடைக்கவில்லை. நல்ல உடை அணிந்தால் அறிவும் கூர்மையடையும் என்று மேடைகளில் கூறப்படுவதை ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

உடையைக் காண்பவர் மீது அது ஏற்படுத்தும் தாக்கம் பற்றிய சான்று இதைவிட வலுவானது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தோங்வொன் ஓ, எல்டார் ஷாஃபிர், அலெக்சாண்டர் டோடோரோவ் ஆகியோர் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், ஒரே முகங்கள் வெவ்வேறு மேலாடைகளுடன் காட்டப்பட்டன. சற்றே செல்வச் செழிப்புடையதாகத் தோன்றிய உடையில் அம்முகங்கள் கூடுதல் திறமை உடையனவாக மதிப்பிடப்பட்டன. படம் நொடியின் எட்டில் ஒரு பங்கு நேரமே காட்டப்பட்டபோதும் இவ்வேறுபாடு காணப்பட்டது. உடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தும், சரியான மதிப்பீட்டுக்குப் பணம் தருவதாகக் கூறியும் அது நீங்கவில்லை. இதன்படி நோக்கினால், நன்கு உடுத்திச் செல்லுமாறு விண்ணப்பதாரருக்கு அறிவுரை கூறுவது பாதித் தீர்வே. எழுத்துத் தேர்வின் விடையை உடையைக் காணாமலே திருத்துவது போல, நேர்முகத் தேர்வின் கேள்விகளையும் மதிப்பெண் முறையையும் முன்னரே வரையறுத்துக் கொள்வது தேர்வாளர் பக்கத்துக் கடமையாகிறது.

இணையவழி நேர்முகத் தேர்வு

2020 முதல் முதற்கட்ட நேர்முகத் தேர்வுகள் பெருமளவில் காணொளி வழியாக நடத்தப்படுகின்றன. பயணமும் காலணியும் இங்கே தேவையில்லை என்பதால் ஊரகத் தேர்வர்களுக்கு இது ஒரு வசதி. மின்தடையும் இணைய இணைப்பும் புதிய கவலைகள். நெருக்கமான மெல்லிய கோடுகளோ சிறு கட்டங்களோ உள்ள சட்டை திரையில் அலையலையாக நெளிவது போலத் தோன்றும். படக்கருவியின் படப்புள்ளி வரிசையும் துணியின் கோடுகளும் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் இது நிகழ்கிறது. ஒரே நிறச் சட்டை இச்சிக்கலைத் தவிர்க்கும். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை அணிந்தால், ஒளியளவைத் தானாகச் சரிசெய்யும் படக்கருவி மொத்தப் படத்தையும் இருட்டாக்கி முகத்தைத் தெளிவற்றதாக்கக்கூடும். வெளிர்நீலம் இங்கே பாதுகாப்பானது. சன்னலுக்கு முதுகைக் காட்டி அமராமல், முகம் சன்னலை நோக்கியிருக்குமாறு அமர்ந்தால் தனி விளக்கு தேவைப்படாது. மேலே சட்டையும் கீழே லுங்கியுமாக அமர்வது பரவலான வழக்கம். சான்றிதழை எடுத்து வருமாறு தேர்வாளர் கேட்கும்வரை அதனால் தொல்லை இல்லை.